வாடகைக் கார் தாளின் கடைசி வரி

திருச்சியில் ஏகாம்பரநாதனின் வாடகைக் கார் கம்பெனியில் வண்டி கழுவிய சீரங்காயிக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் கேளுங்கள். முதலில், முதலாளி அவளுக்குக் கையுறை கொடுப்பதை நிறுத்தினார். இரண்டாவது, உட்கார இருந்த ஸ்டூலைப் பிடுங்கினார். மூன்றாவது, வாரவிடுமுறையை விழுங்கினார். நான்காவதுதான் இந்தக் கதை.

அன்று திங்கட்கிழமை. வெள்ளைக் காரின் பம்பர் நசுங்கிக் கிடந்தது. டிரைவர்களும் வாடிக்கையாளர்களும் கூடி நிற்க, முதலாளி அந்தக் காரின் வாடகைத் தாளை ஆட்டினார்.

“நீதான் கழுவும்போது தள்ளி இடிச்சிருக்கே. இங்கிலீஷ்லயே எழுதியிருக்கு. வேலையை விட்டுப் போ!”

“அதை நான் ஒருதரம் படிக்கலாமாய்யா?”

முதலாளி தொப்பை குலுங்கச் சிரித்தார். “நீயா? இந்தா! படிச்சிட்டா உன் வேலை உனக்கே. எல்லாரும் சாட்சி!”

தாளை நிரப்பாமல் எந்தக் காரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஒவ்வொரு காருக்கும் கிளார்க் அதைச் சத்தமாக வாசித்து நிரப்புவார். பக்கத்தில் துணியோடு நின்ற சீரங்காயி எட்டு வருடமாகப் பார்த்தும் கேட்டுமே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“பிக்கப், சாட்டர்டே. டேமேஜ், நோ. ரிட்டர்ன், சண்டே. டேமேஜ், ஃபிரண்ட் பம்பர்.”

“போதும், கொடு!” என்று முதலாளி பாய்ந்தார்.

“இன்னும் ஒரு வரி இருக்குய்யா.”

அந்த வரியில் இருந்தவை, வெள்ளிதோறும் ஏணி போட்டு ஏறி அவள் துடைத்த கம்பெனிப் பெயர்ப்பலகையின் அதே இங்கிலீஷ் எழுத்துகள். சாட்சிகளின் பக்கம் திரும்பி உரக்கப் படித்தாள்:

“டிரைவர் நேம், ஏகாம்பரநாதன்.”