மோர் வரும்வரை

ரசம் ஊற்றும்போதுதான் அது வந்தது.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு தொண்டையில் ஏதோ அடைத்தது. நெஞ்சு உரல் இடிக்கிற மாதிரி இடித்தது. இந்த இலைமேலேயே விழுந்து செத்துப்போகப் போகிறோம் என்று மாசிலாமணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்துவிட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். இலையில் என்ன மிச்சம் இருந்தாலும் சரி. மெதுவாகச் சாப்பிடுகிறவரை மற்றவர்கள் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஏற்பட்டதாம். இப்போது காரணத்தை யாரும் நினைப்பதில்லை. வழக்கம் மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது.

அவருக்குப் பின்னால் பந்தி முழுவதும் எழுந்தது. வேட்டிகளை உதறும் சத்தம்தான் கேட்டது.

கிணற்றடியில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அது வழக்கம்போலப் போய்விட்டது.

தொட்டியில் கை அலம்பிக்கொண்டே ஓதுவார் நல்லசிவம், "இன்னைக்கு மோர் வரைக்குமாவது தாங்கும்னு நெனச்சேன்" என்றார்.

"நான் ஒண்ணு பண்றேன்" என்றார் சமையல்காரர் அம்பலவாணர். "ரசத்தை முதல்ல ஊத்திடறேன். அய்யா எழுந்ததும் நீங்களும் எழுந்துடலாம். குழம்பு ராத்திரிக்கு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். கூடச் சிரிக்க வேண்டியிருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

"இத்தனை மடம் இருக்க இந்த மடத்தைப் புடிச்சீங்களே" என்றார் ஓதுவார்.

"வழக்கம் தெரியாம வந்துட்டேன்."

மறுநாள் அவருக்கு இலை மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் விழுந்தது. "கோவிச்சுக்காதீங்கய்யா. இங்க நீங்க இஷ்டம்போல எழுந்துக்கலாம்" என்றார் அம்பலவாணர். இரண்டு அப்பளம் அதிகமாக வைத்தார்.

கோபம் எங்கே வந்தது? நிம்மதிதான் வந்தது. மாசிலாமணி ரசம் சாப்பிட்டார், மோர் சாப்பிட்டார், இலையை மடித்தார். ஒன்றும் வரவில்லை. குணமாகிவிட்டது என்றே நினைத்தார்.

அந்த நினைப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. கூடத்தில் ரச வாளி வைக்கிற சத்தம் கொட்டகைக்குக் கேட்டது. அது கேட்டதும் நெஞ்சு இடித்தது. பிறகு சாப்பாட்டு மணி அடித்ததுமே இடித்தது. பிறகு மாடு தலையை ஆட்டிக் கழுத்து மணி குலுங்கினாலும் போதும் என்றாயிற்று. அவர் நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கினார். பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டார்.

"கூடத்துல இருந்து உங்களைத் தள்ளி வச்சேன்" என்றார் அம்பலவாணர். "இங்கேருந்து தள்ளி வைக்கணும்னா இனிமே ஆறுதான் இருக்கு."

மாசிலாமணி மடத்துத் தலைவரான சாமியிடம் போனார்.

சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். பின்கட்டில் உட்கார்ந்து பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, இது எப்போது போகும்?"

"எது?"

"பயம்."

"எதைக் கண்டு?"

"எதையும் கண்டு இல்லை. அதுதான் அவமானம். எதிரில் பாம்பு இல்லை, திருடன் இல்லை. ரசம் இருக்கிறது."

சாமி சிரிக்கவில்லை. "டாக்டரிடம் போனீரா?"

"போனேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எருதுக்கு இருக்கிற மாதிரி இதயம் என்றார்கள். கடைசியில் ஒருவர், இது பயத்தில் வருகிற நோய், இதற்கென்றே டாக்டர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அவர் வாசல் வரைக்கும் போனேன். எதிர்க் கடையில் தெரிந்தவர் நின்றார். திரும்பிவிட்டேன்."

"வயிற்றுவலி டாக்டர் வாசலாக இருந்தால்?"

"உள்ளே போயிருப்பேன்."

சாமி இன்னொரு இலையை எடுத்துக் கிழிந்த ஓரத்தை நறுக்கினார். "முதன்முதலில் எங்கே வந்தது?"

மாசிலாமணி நறுக்கிய இலைகளை அடுக்கி வைத்தார்.

"என் பெண் தையல்நாயகியின் நிச்சயதார்த்தத்தில். சம்பந்திக்குப் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள். ரசம் வந்தது. இதுவும் வந்தது. அதற்கு முன்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. செத்தேன் என்று நினைத்தேன். எழுந்து ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கை அலம்பிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவரே பாதியில் எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள்."

"என்ன அர்த்தம் என்றீர்?"

"உங்கள் இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்."

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"அத்தனை பேர் முன்னால் பயந்து ஓடினேன் என்று எப்படிச் சொல்வது, சாமி? திமிர் பிடித்தவன் என்ற பேரைச் சுமந்துகொண்டு ஊரில் நடமாடலாம்."

"அந்தப் பெண்?"

"அவள் இலையைத் தாண்டித்தான் வெளியே ஓடினேன். அப்போதுதான் அவளுக்கு ரசம் ஊற்றியிருந்தார்கள். கை சோற்றிலேயே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்."

"அவளிடமாவது சொன்னீரா?"

"இல்லை. அவளும் கேட்கவில்லை. தாயில்லாத பெண். அவள் மாமன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். பந்தியில் எழுந்து போனவன் வீடு என்று எங்களுக்குப் பேராகிவிட்டது. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக யாரும் பெண் கேட்டு வரவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, சாமி."

சாமி கத்தியை வைத்துவிட்டு நறுக்கிய இலைகளில் இரண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகைத் தாழ்வாரத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். அம்பலவாணர் வந்து பரிமாறினார்.

"சாப்பிடும். அது வரும். வந்தால் எழ வேண்டாம்" என்றார் சாமி.

"செத்துப்போனால்?"

"நான் பார்த்துக்கொள்கிறேன். விறகு இருக்கிறது. பதிகம் பாட ஓதுவார் இருக்கிறார். ஒரு குறையும் வராது."

ரசம் வந்தது. அதுவும் வந்தது.

"ஏறுகிறது, சாமி."

"ஏறட்டும்."

"கை மரத்துப்போகிறது."

"அந்தக் கையாலேயே அப்பளத்தை நொறுக்கும்."

"மூச்சு முட்டுகிறது."

"உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறீர். வெளியே விடும். மெதுவாக. இன்னும் மெதுவாக."

மாசிலாமணியின் முகவாயிலிருந்து வேர்வை இலையில் சொட்டியது. எழுவதற்கு இரண்டு தடவை கை தரைக்குப் போனது. இரண்டு தடவையும் சாமி தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அது ஏறி உச்சியில் நின்றது. இதற்கு மேல் சாவுதான் என்று தோன்றுகிற இடத்தில் நின்றது. அப்புறம் எப்போது என்று தெரியாமல் இறங்கத் தொடங்கியது.

அம்பலவாணர் மோர் கொண்டு வந்தார்.

"எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் சாமி.

மாசிலாமணி தன் நெஞ்சைத் தானே தேடிப் பார்த்தார். "போய்விட்டது."

"நீர் விரட்டினீரா?"

"இல்லை."

மோர் இலையில் ஓடியது. மாசிலாமணி அதைக் கூட்டிப் பிசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

"இவ்வளவுதானா, சாமி? ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் இருக்கிற நேரம். இவ்வளவுக்குத்தானா நான்…"

சாமி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். "நாளைக்கு அந்த டாக்டரைப் போய்ப் பாரும்."

"நீங்களே காட்டிவிட்டீர்களே."

"நான் இலைதான் போட்டேன். மருந்து அவரிடம் இருக்கிறது."

மாசிலாமணி போனார். எதிர்க் கடையில் அன்றைக்கும் யாரோ நின்றார்கள். உள்ளே போனார்.

"மடத்துக்கு வந்தவரு பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறதாவது" என்றார் ஓதுவார்.

சாமியின் காதில் அது விழுந்தது. "ஓதுவாரே, உமக்குத் தொண்டை கட்டினால் மிளகுக் கஷாயம் குடிக்கிறீர். தேவாரத்தைக் கரைத்தா குடிக்கிறீர்?"



மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மாசிலாமணி கூடத்துக்குத் திரும்பினார். முதலில் கதவோரத்து இலை. பிறகு கதவை விட்டுத் தள்ளி ஒரு இலை. டாக்டரும் அதையேதான் சொன்னார்: எதைக் கண்டு ஓடினீர்களோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் உட்காருங்கள். சில நாள் உட்கார்ந்தார். சில நாள் முடியாமல் எழுந்தார். எழுந்த நாளில் எல்லோரும் எழுந்தார்கள். சாமியும் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். அதைப் பார்ப்பது மாசிலாமணிக்குத் திட்டு வாங்குவதைவிடக் கசப்பாக இருந்தது. வருஷம் ஒன்று போனது. எழுகிற நாள் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிட்டது. அது வருவது நிற்கவில்லை. வந்து, இருந்து, போயிற்று.

ஒரு நாள் காலை அம்பலவாணர் வேகமாக வந்தார்.

"அய்யா, உங்க பொண்ணு வந்திருக்கு. மாமாவும் கூட. கல்யாணப் பத்திரிகையைச் சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டுப் போகணுமாம்."

"யாருக்குக் கல்யாணம்?"

"அவங்களுக்குத்தான்யா."

மாசிலாமணி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தையல்நாயகிக்குக் காதோரம் நரைத்திருந்தது. மாமா கனகசபை சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாப்பிள்ளைக்கு இது ரெண்டாம் தாரம். பள்ளிக்கூடம் போற பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல மனுஷர்தான். எங்களுக்கும் வேற வழி இல்லீங்களே, சாமி."

"இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார் சாமி.

மாசிலாமணி பின்கட்டில் சாமியைப் பிடித்தார்.

"இன்று மட்டும் கொட்டகையில் சாப்பிடுகிறேன்."

"ஏன்?"

"நான் எழுந்தால் அவளும் எழ வேண்டி வரும்."

"ஆமாம்."

"மறுபடியும், சாமி."

"ஆமாம்."

"என்ன செய்யட்டும்?"

"இரண்டு இடத்திலும் இலை போடச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாமி கூடத்துக்குள் போனார்.

மாசிலாமணி கூடத்து இலையில் போய் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் தையல்நாயகி. அவள் அவரைப் பார்த்தாள், தலையசைத்தாள், இலையில் தண்ணீர் தெளித்தாள்.

குழம்பு வந்தது. ரச வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு கடுமையாக அது எந்த நாளிலும் வந்ததில்லை. சுவர்கள் தள்ளிப் போயின. காதுக்குள் இரைந்தது. எதிரே அவளுக்கு ரசம் ஊற்றினார்கள். அவள் கை சோற்றில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அன்று பார்த்தது போலவே.

அவருடைய இடது கை தரைக்குப் போனது. அங்கேயே இருந்தது. அவர் மூச்சை வெளியே விட்டார். அப்பளத்தை எடுத்து நொறுக்கினார். மறுபடி மூச்சை விட்டார். ஓதுவார் நல்லசிவம் பக்கத்து இலையிலிருந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மோர் வாளியைத் தூக்கிட்டாங்க. இதோ வருது" என்றார்.

மோர் வந்தது.

பந்தி முடிந்து கை அலம்பிய பிறகு தொட்டியருகே மகளிடம் போனார். வேர்வையில் நனைந்த சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது.

"தையல், அன்னைக்கு நான் ஏன் எழுந்தேன்னு உன்கிட்ட சொன்னதில்லை."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பயம்மா. திடீர்னு நெஞ்சு அடைச்சுது. செத்துடுவேன்னு நெனச்சேன். அது ஒரு நோய். அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"பயமா?"

"ஆமா."

"இன்னைக்கும் வந்துதா? வேர்த்துக் கொட்டுச்சே."

"வந்துது."

"உட்கார்ந்திருந்தீங்களே."

"இப்ப முடியுது."

அவள் கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"அவங்க இடம் பிடிக்கலைன்னு சொன்னீங்கப்பா. எங்கிட்ட சொல்ல முடியாத ஏதோ குத்தம் அவங்ககிட்ட இருந்திருக்கும்னு நெனச்சேன். அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்கு, எனக்காகத்தான் எழுந்தாருன்னு நெனச்சேன். மாமா உங்களைத் திட்டும்போதெல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன்." குரல் உயரவில்லை. "ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லைம்மா."

"நல்லவங்கதானா?"

"நல்லவங்கதான்."

அவள் தலையை ஆட்டினாள். வாசலில் கனகசபை கூப்பிட்டார். "கல்யாணத்துக்கு வாங்க" என்றாள். பிறகு, "உங்களை எந்தப் பந்தியில உட்கார வைக்கிறதுன்னு மாமாதான் முடிவு பண்ணுவார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாசிலாமணி கூடத்து வாசலில் நின்றிருந்த சாமியிடம் வந்தார்.

"நான் குணமாகாமலே இருந்திருக்கலாம், சாமி. சாவு வந்துதான் எழுந்தேன் என்று நானாவது நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். அவளும் எதையோ நம்பிக்கொண்டு இருந்திருப்பாள்."

சாமி அவரைக் கூடத்துக்குள் கூட்டிப்போனார். இலைகள் இன்னும் எடுக்கப்படவில்லை.

"அவள் இலை எது?"

மாசிலாமணி காட்டினார்.

இலையில் இரண்டு கறிவேப்பிலையும் ஒரு மிளகாய்க் காம்பும் கிடந்தன. மோரின் ஈரத்தைக்கூட வழித்துச் சாப்பிட்டிருந்தாள்.

"அன்று அவள் இலையில் நின்றுபோன ரசச் சோறு இன்று இதில் இருக்கிறதா, பாரும்" என்றார் சாமி.

மாசிலாமணி இலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து அந்த இலையை எடுத்தார்.