கோவக்கார ராசாவும் மாடத்தி போட்ட சோறும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. ஏ, அந்த விசிறியை இங்க குடு, வீசிக்கிட்டே சொல்றேன். தள்ளித் தள்ளி உக்காந்தா காத்து எப்படி வரும்? ஒட்டி உக்காரு. ஆங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். மழைக்காலத்துல பார்த்தா தங்கமான மனுசன். சித்திரை பிறந்து வெயில் ஏறிச்சோ, கோவமும் கூடவே ஏறிரும். ஒருத்தன் செஞ்சு குடுத்த பானை ஒழுகிச்சாம், "ஊரை விட்டுப் போ!"ன்னுட்டாரு. ஒருத்தன் சபையில தும்மிட்டானாம், "ஊரை விட்டுப் போ!" ஒருத்தன் தாயம் ஆடி ராசாவையே ஜெயிச்சுட்டானாம், அவனுக்கும் "ஊரை விட்டுப் போ!"

போனவனோட கிணறு, தோட்டமெல்லாம் யாருக்கு? காரியக்காரர் நல்லசிவத்துக்கு. ராசாவுக்கு அடுத்தபடி பெரிய ஆளு அவருதான், அரமனை அடுப்படியும் அவரு கையிலதான். வெயில் ஏற ஏற அவரு ராசா இலையில என்ன வைக்கச் சொல்லுவாரு தெரியுமா? மிளகு போட்டு வறட்டின கறி, கொள்ளு ரசம், கருவாட்டுக் குழம்பு. "சிங்கம் மாதிரி இருக்கணும்லா மகாராசா, இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கிடுங்க"ம்பாரு. ராசாவும் சிங்கம் மாதிரி உறுமிக்கிட்டேதான் சாப்பிடுவாரு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஊரை விட்டுப் போறவன், இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளர்ந்ததுக்கு மரியாதையா, ராசாவுக்கு ஒரு நாள் சோறு போடணும். ராசா மாட்டேன்னு சொல்லக்கூடாது. அன்னைக்குப் பொழுது அடையும்போது ராசா கை கழுவிட்டு "இரு"ன்னா இருக்கலாம், "போ"ன்னா போயிரணும். அதனால ஒவ்வொருத்தனும் ராசா மனசு குளிரட்டும்னு கெடா வெட்டுவான், மிளகை அள்ளிப் போட்டுக் கறி சமைப்பான். உச்சி வெயில்ல அதைத் தின்னா மனசு எங்க குளிரும்? வயிறுதான் கொதிக்கும். எல்லாருக்கும் "போ"தான்.

இப்படி இருக்கையில, பனையேறி சுடலை ஒருநாள் அரமனைக்குப் பதநீர் கொண்டு போனான். ஊத்தும்போது கை தவறி ராசா கால்ல கொட்டிருச்சு. அவ்வளவுதான், "ஊரை விட்டுப் போ!" காரியக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. சுடலையோட பனந்தோப்பு மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

சுடலை வீட்டுக்கு வந்து அழுதான். "மாடத்தி, நம்ம பனையெல்லாம் போச்சுடி. ஆட்டை வெட்டுவோமா?"

"எல்லாரும் ஆட்டை வெட்டிட்டுத்தான போனாங்க? ஆடாவது பொழைச்சுக் கிடக்கட்டும்"னா அவன் பொண்டாட்டி மாடத்தி. நேரே அரமனைக்குப் போயி, "மகாராசா, ஒரு நாள் சோறுன்னா விடிஞ்சதுலருந்து பொழுது அடையற வரைக்கும் எங்க தோப்புலதான் இருக்கணும்"னு கேட்டா. ராசா உறுமினாரு. வழக்கமாச்சே, வந்துதான ஆகணும்?

ராசா வந்த அன்னைக்குச் சனிக்கிழமை. விடியவும் சுடலைகிட்ட ராசா உச்சந்தலையில நல்லெண்ணெய் வைக்கச் சொன்னா. சீயக்காய் தேச்சுக் கிணத்துத் தண்ணியில குளிக்க வச்சா. அப்புறம் பழைய சோத்துல மோரு விட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் குடுத்தா. காரியக்காரர் வந்து, "மகாராசா, 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்"னாரு. "இரும் ஓய், வாயில வெங்காயம் இருக்கு"ன்னாரு ராசா.

காரியக்காரர் திரும்பிப் போனாரு. தோப்பு மணல்ல பல்லக்கு வராது, நடைதான். தலையில வேற பட்டுத் தலைப்பாகை. அரமனையில ராசாவுக்குன்னு ஆக்கின மிளகுக் கறி அப்படியே இருந்துச்சா, வீணாப் போகலாமான்னு அவரே தின்னாரு.

மத்தியானம் மாடத்தி தண்டுக்கீரை, வெள்ளரிக்காய்ப் பச்சடி, மோர்க்குழம்புன்னு சோறு போட்டா. வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணி குடுத்தா. ராசாவுக்குக் கண்ணு சொக்குச்சு. "எண்ணெய் தேச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக்கூடாது மகாராசா, சூடு பிடிச்சுக்கும்"னு சொல்லி, நிழல்ல தாயக்கட்டையை உருட்ட வச்சா. காரியக்காரர் மறுபடி வந்தாரு. "'போ'ன்னு சொல்லிருங்களேன்!" "இரும் ஓய், கையில தாயக்கட்டை இருக்கு." அவரு திரும்பிப் போயி மிச்சக் கறியையும் தின்னாரு.

அந்த ஆட்டத்துல யாரு ஜெயிச்சா தெரியுமா? மாடத்திதான். சுடலைக்கு உசிரே போச்சு. ஆனா ராசா தொடையைத் தட்டிச் சிரிச்சாரு! "ஏ தாயி, கள்ளாட்டம் ஆடுறியோ? வா, இன்னொரு ஆட்டம்!"

வெயில் தாழவும் நுங்கு வெட்டிக் குடுத்தா. ராசா சின்னப் பிள்ளையாட்டம் கட்டைவிரலை விட்டு நோண்டி நோண்டித் தின்னாரு. மூணாந்தடவையா வந்தாரு காரியக்காரர். முகமெல்லாம் செவந்து, கண்ணு எரிஞ்சு, வயிறு கொதிச்சு வந்தாரு. "இரும் ஓய், விரல்ல நுங்கு இருக்கு"ன்னாரு ராசா.

காரியக்காரருக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "நுங்கா? வருஷா வருஷம் மிளகும் கொள்ளுமாப் போட்டு உமக்குச் சூட்டை ஏத்திவிட்டது நான்! கிணறும் தோட்டமும் சேத்தது நான்! ஒரு பழைய சோத்துக்கு மயங்கி எல்லாத்தையும் கெடுக்கப் பாக்கீரே!"

கத்தி முடிச்ச பொறவுதான், தான் என்ன சொன்னோம்னே அவருக்கு விளங்குச்சு.

நேத்தைய ராசாவா இருந்தா தலையையே எடுத்திருப்பாரு. இன்னைக்கு ராசா நிதானமா விரலைச் சப்பினாரு, நிதானமா கையைக் கழுவினாரு. "சுடலை, நீ இரு. காரியக்காரரே, நீர் போம். நான் விரட்டினவங்க எங்கெங்க இருக்காங்களோ தேடிக் கூட்டிட்டு வாரும். அவனவன் கிணறு அவனவனுக்கு. எல்லாரும் வந்து சேந்த பொறவு நீர் ஊருக்குள்ள கால் வையும்"னாரு.

என்னடா முழிக்கிற? காரியக்காரரும் ராசாவுக்கு ஒரு நாள் சோறு போடணுமேன்னா? அதான் வருஷா வருஷம் போட்டாரே!

மறுநாள் வெயில் ஏறுற நேரம் காரியக்காரர் தோப்பு வழியா நடந்தாரு. மாடத்தி, "அய்யா, நில்லுங்க"ன்னு மறிச்சா. அந்தப் பட்டுத் தலைப்பாகையைக் கழட்டச் சொல்லி, நனைச்ச துண்டைத் தலையில போட்டுவிட்டா.

"ரொம்ப தூரம் நடக்கணும். வழியில அந்த ஒழுகின பானை செஞ்ச பானைக்காரரைப் பார்த்தீகன்னா, அவரு மிளகுக் கறி குடுத்தா மட்டும் வாங்கிராதீக"ன்னு சொல்லி, ஓலைப்பட்டை நிறைய பதநீரை ஊத்தி, ஒரு சொட்டு சிந்தாம அவரு கையில குடுத்தா.