நிழலில்லாத கூட்டம்

நெடுமலை என்று ஒரு காடு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று கோடைக்கு முன் தீப்பிடித்து, மிஞ்சியது கரிக்கட்டையும் மொட்டைப் பாறையும்தான். ஆனால் சொந்தக்காரர்களுக்கு மட்டும் குறைவில்லை. மேல்பாதி பேரரசருடையது, கீழ்ப்பாதி அவருக்குக் கட்டுப்பட்ட குறும்பலூர் அரசர் வீரகேசரியுடையது. தேனும் சந்தனமும் வந்த காலத்தில் "முழுக்காடும் எங்களுடையது" என்று இரண்டு பக்கமும் மல்லுக்கு நின்றார்கள். எரிந்த மறுநாளே, "உங்கள் காடு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். என்ன பெருந்தன்மை!

கடைசியில் ஒரு செப்பேடு எழுதினார்கள். இரு அரசும் கைகோத்துக் காட்டை மீட்கும். இரு தரப்பு முத்திரையும் விழாமல் அங்கே ஒரு குழிகூட வெட்டக் கூடாது. கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது!

பேரரசின் வனநாயகம், அதாவது காட்டு அதிகாரி, திருமலைராயர். குறும்பலூர் வனநாயகம் கும்பலிங்கம். அந்தச் சீமையில் ஒரு வழக்கம்: சின்னவர் முதலில் முத்திரை வைப்பார், பெரியவர் கடைசியில் வைப்பார். முதலில் வைத்துச் சின்னவராக யாருக்கு மனம் வரும்?

"வையுங்கள், ராயரே."

"ஐயோ, தாங்கள் வையுங்கள்."

பார்க்கிறவர்களுக்கு மரியாதை மாதிரியே இருக்கும். மாதம் தவறாமல் அரண்மனை மண்டபத்தில் கூடுவார்கள். மயில்தோகை விசிறி, இரண்டு கூட்டு, ஒரு பொரியல், பால்பாயசம். ஏப்பம் விட்டுவிட்டு, "அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்று எழுந்து போவார்கள். மூன்று வருஷமாக இதற்குக் காடு வளர்ப்பு என்று பெயர்.

இந்தக் கூத்தையெல்லாம் ஓலையில் எழுதி எழுதி விரல் தேய்ந்தவள் வடிவுடையாள், அரசவையின் ஓலைநாயகி. ஒரு புரட்டாசிக் காலையில் அவளைத் தேடி மலைக்குடித் தலைவி மாசாணி வந்தாள். மூங்கில் குழாயில் ஒரு நாவல் கன்று. அடியில் வேர் வெளியே வந்து சுருண்டிருந்தது.

"பன்னிரண்டாயிரம் கன்னும்மா. ரெண்டு வருசம் வளர்த்தோம், முத்திரைக்குக் காத்திருந்தே செத்துச்சு. இது மூணாவது வருசக் கன்னு. பத்து நாள்ல மழை. அதுக்குள்ள மண்ணுல இறங்கலேன்னா இதுவும் போச்சு. ஓடையும் வத்திடுச்சு. நாங்க மலையை விட்டு இறங்கிட வேண்டியதுதான்."

வடிவுடையாள் அந்த வேரையே பார்த்தாள். பிறகு கன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே அரசரிடம் போனாள்.

வீரகேசரி பெருமூச்சு விட்டார். "நான் என்ன செய்ய? ராயரை அதட்டினால் பேரரசர் கோபிப்பார். கும்பலிங்கத்தை அதட்டினால் அரசியார் கோபிப்பார். அவருக்கு அண்ணனாயிற்றே! உன்னால் முடிந்தால் மழைக்குள் இரண்டு முத்திரையும் வாங்கு. முடியாவிட்டால் உன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடு."

யாரோ செய்யாத வேலைக்கு யாருடைய வேலை போகிறது பாருங்கள்!

அன்று முழுக்க அவள் செப்பேட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். மூன்று வருஷக் களிம்புக்கு அடியில் கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது. ஏதோ பழைய செப்பேட்டைப் பார்த்து எழுதியதில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்த, எழுதியவர்களே படிக்காத வரி.

மறுநாள் உச்சிவேளையில் கூட்டம். மண்டபத்தில் அல்ல, நெடுமலையில்.

பல்லக்கிலிருந்து இறங்கிய ராயர் திகைத்தார். "இங்கேயா? என்ன விளையாட்டு இது, ஓலைநாயகியாரே?"

வடிவுடையாள் படித்தாள்: "'இரு தரப்பாரும் நெடுமலை மரநிழலில் கூடி முடிவெடுக்க வேண்டும். முடிவாகும் வரை எவரும் எழக் கூடாது. எழுந்தவர் ஆணையை மீறியவர்.' கீழே பேரரசரின் முத்திரை இருக்கிறது, ஐயா. இத்தனை நாள் மண்டபத்தில் கூடியதே செல்லாது."

"மரநிழல் எங்கே இருக்கிறது?" என்று சீறினார் கும்பலிங்கம்.

"அதைத்தான் நானும் தேடுகிறேன்."

உட்கார்ந்தார்கள். பாறை தோசைக்கல்லாகக் கொதித்தது. கும்பலிங்கம் இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். எங்கும் ஒரே சூடு.

"குடை கொண்டு வரச் சொல்லுங்கள்!"

"குடை எந்த மரத்தில் காய்க்கிறது, ஐயா? செப்பேட்டில் மரநிழல் என்றல்லவா இருக்கிறது."

"ஒரு பந்தலாவது போடுங்களம்மா!" ராயர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"போடலாம். கால் நட நாலு குழி வெட்ட வேண்டும். குழி வெட்ட இரண்டு முத்திரை வேண்டும். யார் முதலில் வைக்கிறீர்கள்?"

மாசாணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்திலேயே வண்டிகளில் கன்றுகள் வரிசையாக நின்றன. கும்பலிங்கம் ஒரு நாவல் கன்றின் நிழலை ஏக்கத்தோடு அளந்தார். ஓர் ஓணான் தாராளமாக உட்காரலாம்.

"பாயசம்?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"முடிவானதும் மண்டபத்தில், ஐயா."

முத்திரை அரக்கை உருக்க விளக்கு தேவைப்படவில்லை. அது தானே உருகி ஓலைமேல் வழிந்தது. ராயர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கும்பலிங்கத்தின் கை மெல்ல இடுப்பு முத்திரையைத் தேடியது. அதை ராயர் பார்த்துவிட்டார்.

"நகருங்கள், நான் முதலில் வைக்கிறேன்!"

"அதெப்படி? நான் வெகுநேரமாகக் காத்திருக்கிறேன்!"

மூன்று வருஷமாகப் பின்னுக்கு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளினார்கள். இரண்டு முத்திரையும் ஒரே அரக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எது பெரியது, எது சின்னது என்று கேட்க அங்கே யாருக்கும் தெம்பில்லை. பல்லக்குத் தூக்கிகள் அவ்வளவு வேகமாக ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையே மாசாணியின் ஆட்கள் கடப்பாரையை எடுத்தார்கள். கடைசிக் கன்று இறங்கிய மறுநாள் மழை பிடித்தது.

கார்த்திகையில் வீரகேசரி காட்டைப் பார்க்கப் போனார். மலையெங்கும் பசுந்துளிர். ஓடையில் தண்ணீர் சலசலத்தது. அவர் தன் முத்துமாலையைக் கழற்றி வடிவுடையாளிடம் நீட்டினார்.

"மாலை இருக்கட்டும், அரசே. கூட்டத்துக்கு வைக்கிற அந்தச் சாப்பாட்டை, பாயசத்தோடு, குழி வெட்டியவர்களுக்குப் போடச் சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்." அரசர் நடந்துகொண்டே வந்தவர், அன்று கூட்டம் நடந்த பாறை அருகே நின்றார். பாறையின் இரு பக்கமும் ஆளுயரத்தில் வெட்டி நட்ட இரண்டு பூவரசம் போத்துகள். சுற்றிலும் முள்வேலி, அடியில் சாணி எரு, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர்.

"இது நடவுப் பட்டியலில் இல்லையே! யார் வைத்தது?"

"இரண்டு வனநாயகங்களும்தான், அரசே. ஆளுக்கொன்று, தங்கள் கையாலேயே. காலையில் ராயர் தண்ணீர் ஊற்றுகிறார், மாலையில் கும்பலிங்கனார் ஊற்றுகிறார்."

"காட்டின்மேல் இவர்களுக்குத் திடீரென்று என்ன இவ்வளவு பாசம்?"

"அடுத்த கூட்டம் சித்திரையில், இதே பாறையில், அரசே."