சத்தமில்லாத குளம்

“அம்மா, அந்தக் குழாய்ச் சத்தத்துல மனசு ஒருநிலைப்பட மாட்டேங்குது.”

ஆவுடையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எத்தனை நாளா?”

“வந்த நாள்ல இருந்தே. எட்டு மாசமா.”

சொன்னவர் சிதம்பரதாணு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அறுபத்தொரு வயது. அவர் அம்மா என்று கூப்பிட்ட ஆவுடையம்மைக்கு நாற்பத்து மூன்று. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் எல்லோரும் சிதம்பரதாணுவை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். குருவான அம்மாவும் அப்படித்தான்.

சார் முப்பத்திரண்டு வருடம் மணிச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டு அலுத்தவர். மனைவி போன மறுமாதமே இங்கே வந்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். அமைதி.

மடத்துக்குப் பின்னால் கல் கட்டிய ஒரு குளம், நிறையக் கெண்டை மீன்களோடு. கிணற்று மோட்டாரைப் போட்டால் ஆள் உயரக் குழாயிலிருந்து தண்ணீர் சடசடவென்று அதில் விழும்.

“தண்ணி விழுந்தா சத்தம் வரத்தான் செய்யும், சார்.”

“அதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்.”

“இப்படி உட்கார்ந்து கீரை ஆயுங்க. அதான் வழி.”

சார் உட்காரவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஹோஸ் வாங்கி வந்தார். குழாயின் வாயில் மாட்டி, மறுநுனியில் ஒரு கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்.

அதன் பிறகு குளத்துக்குள் தண்ணீர் வருவதே யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம்தான். மறுபடி வந்து நின்றார்.

“இப்ப என்ன?” என்றார் அம்மா.

“செங்கல் சூளை ஆளுங்க, அம்மா. சாயங்காலம் ஆனா பதினாலு பேர் வந்து குதிக்கிறாங்க. ஒரே கூச்சல்.”

“நாள் பூரா நெருப்புல நிக்கிறாங்க. குளிக்கட்டும்.”

“குளிக்கட்டும். கத்தணுமா?”

“கத்தாம எப்படிக் குதிக்கிறது? நீங்க ஒரு நாள் குதிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்.”

சாருக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போனார்.

*

சித்திரை பிறந்ததும் அம்மா வெளியூர் மடம் ஒன்றுக்குப் பத்து நாள் பயணமாகக் கிளம்பினார். சாவிக்கொத்தை சாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே குளத்து வேலியின் படல் கதவில் சங்கிலி விழுந்தது. பூட்டும் விழுந்தது.

சூளைக்காரர்களுக்கு முன்னால் வந்தவள் வெள்ளத்தாயி. தலை, புருவம் எல்லாம் செம்மண் தூசி.

“என்ன சார், பூட்டியிருக்கு?”

“இனிமே இங்க குளிக்க வேண்டாம்மா. தியானம் பண்ற இடம். தண்ணியைக் கலக்கக் கூடாது.”

“அப்ப நாங்க எங்க குளிக்க?”

“சூளையில தொட்டி இருக்குல்ல?”

“அது மண்ணு குழைக்கிற தண்ணி, சார்.”

சார் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

 “சரி, நீங்களே இருந்துக்கிடுங்க,” என்று வெள்ளத்தாயி திரும்பினாள். மற்ற பதின்மூன்று பேரும் அவள் பின்னால் போனார்கள்.

ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. அதுதான் சாருக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் குளம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்து கண்ணை மூடினார்.

அனலாய் அடித்த வெயிலில் குளம் வெந்நீராகிக் கிடந்தது. எட்டாம் நாள் மேகம் வந்து கவிந்தது. மழை பெய்யவில்லை. காற்றும் இல்லை. ஒரே புழுக்கம்.

*

பத்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார். பையை ஓரமாக வைத்துவிட்டுக் காபிக்கு அடுப்பில் தண்ணீரை ஏற்றினார்.

சார் ஓடி வந்தார். முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம்.

“அம்மா, கிடைச்சிடுச்சு!”

“என்ன கிடைச்சிடுச்சு?”

“அமைதி! குளத்துல ஒரு சின்ன அலை இல்லை. நேத்தும் இன்னிக்கும் விடியக்காலையில பார்க்கணுமே! நான் மந்திரம் சொல்லச் சொல்ல, மீனெல்லாம் மேல வந்து என்னோட சேர்ந்து வாயை அசைக்குது.”

அம்மாவின் கை நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“நூத்துக்கணக்குல, அம்மா. தலையைத் தூக்கிக்கிட்டு, வாயை வாயைத் திறந்து—”

அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவில்லை. லேசாகச் சூடேறியிருந்தது, அவ்வளவுதான். உள்பக்கம் முழுக்கக் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“இது என்ன?”

சார் யோசித்தார். “நீர்க்குமிழி. நிலையில்லாத வாழ்க்கைக்கு—”

“ஐயோ! காத்து சார், காத்து! பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்துனீங்க?”

“அறிவியல்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“அதுல கரையுறதைப் பத்தி ஒண்ணுமே வராதா?”

“வரும், அம்மா. ஒன்பதாம் வகுப்புல. உப்பு கரையும், சீனி கரையும். தூளாக்கினா சீக்கிரம் கரையும். கலக்கினா சீக்கிரம் கரையும். தண்ணியைச் சூடாக்கினா சீனி இன்னும் நிறையக் கரையும்…”

“காத்து?”

“அது கடைசிப் பத்தி. வாயுக்கள் மட்டும்…”

சார் நிறுத்தினார்.

“சொல்லுங்க.”

“வாயுக்கள் மட்டும், சூடு கூடக் கூட, குறைவாத்தான் கரையும்.” அவர் குரல் இறங்கியது. “அது பரீட்சைக்கு வராது, அம்மா.”

“வந்துடுச்சு,” என்றார் அம்மா.

அதற்குள் அவர் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தார்.

*

குளம் நிறைய வாய்கள்.

வட்ட வட்டமாகத் திறந்து, மூடி, திறந்து. கல்லோரத்தில் ஏழெட்டுக் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. சார் இரண்டு நாளாகக் கண்ணை அரைவாசி மூடியே பார்த்த இடம் அது.

“ஐயோ,” என்றார்.

அம்மா ஹோஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு மோட்டார் சுவிட்சைத் தட்டினார். ஓடவில்லை. கரண்ட் இல்லை.

“குதிங்க.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க? எல்லாரையும்தான் அனுப்பிட்டீங்களே!”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“மார்பளவு தண்ணி. நீந்தச் சொன்னது யாரு? கையால காலால அடிங்க. தண்ணி உடையணும், அப்பதான் காத்து உள்ள இறங்கும்.”

சார் படியில் ஒரு காலை வைத்து வேட்டியை மடிக்கத் தொடங்கினார். பொறுமையாக மடித்தார்.

அம்மா அவரைத் தள்ளிவிட்டார்.

சார் எழுந்து, இருமி, மூக்கைச் சிந்தி, அடிக்க ஆரம்பித்தார். சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு நுரைத்தது. அந்த நுரைக்கு வாய்கள் நெருங்கி வந்தன. குளத்தின் மற்ற பக்கமெல்லாம் அப்படியே கிடந்தது.

“இன்னும்,” என்றார் அம்மா. சேலையைச் செருகிக்கொண்டு அவரும் படியில் நின்று காலால் அடித்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு வாங்குது, அம்மா.”

“அதுங்களுக்கும்தான்.”

சார் மறுபடி அடித்தார். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஒரு கெண்டை அவர் கைக்கருகே வந்து மெல்லப் புரண்டது.

“நம்ம ரெண்டு பேரால ஆகாது, சார். கூப்பிடுங்க.”

“யாரை?”

அம்மா வேலிப் பக்கம் கையை நீட்டினார். வேலிக்கு அப்பால் சூளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

சார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். மைதானத்தின் மறுகோடி வரை ஒரு காலத்தில் கேட்ட குரல் வந்தது.

“வெள்ளத்தாயீ!”

“இன்னும் சத்தமா.”

“வெள்ளத்தாயீ! எல்லாரும் வாங்க! ஓடி வாங்க!”

ஓடி வந்தார்கள். படல் பூட்டியிருந்தது. சாவி சாரின் மடியில், தண்ணீருக்குள். பதினாலு பேரும் வேலியை மிதித்துச் சாய்த்துக்கொண்டு வந்து, குளத்தின் கல்கட்டில் ஏறி, தொப்தொப்பென்று குதித்தார்கள்.

வெள்ளத்தாயி சாரின் பின்முடியைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினாள்.

“பயப்படாதீங்க சார், பிடிச்சிட்டேன்! கையைக் காலை உதறாதீங்க!”

“நான் முங்கலை! மீனு… மீனைப் பாரு! தண்ணியை அடிக்கணும், எல்லாரும் அடிக்கணும்!”

அவள் சுற்றிப் பார்த்தாள். மிதந்த கெண்டைகளைப் பார்த்தாள். முடியை விட்டாள்.

“அடிக்கலாம், சார். சத்தம் வருமே?”

சார் இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அடித்தார். அவள் முகமெல்லாம் தெறித்தது.

அவள் கத்தினாள். பதின்மூன்று பேரும் கத்தினார்கள். குளம் கொந்தளித்தது.

சாரின் முழங்காலை உரசிக்கொண்டு ஒரு மீன் கீழே போனது.