ஜெயசீலன் சாரின் ஃபாரின் பை

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. சரக்கைச் சோதிக்க வந்த ஜெயசீலன், தோலுக்கு எண்ணெய் ஏற்றும் பவுனம்மாவிடம், "என்ன எண்ணெய்?" என்றார்.

"ஆமணக்கெண்ணெய் சார். அமிலம் சேத்துப் பக்குவம் பண்ணது. தண்ணியில பாலாட்டம் கலந்து தோலுக்குள்ள எறங்கிடும்."

"விளக்கெண்ணெயில் தோல் மிருதுவாகுமா?" ஜெயசீலன் சிரித்துவிட்டுத் தன் பையை நீட்டினார். "இது ஃபாரின் தோல். மீனெண்ணெய் போட்டது. சாயங்காலத்துக்குள் இதே மாதிரி ஒரு தோல் வேணும். இல்லேன்னா ஆர்டர் ரத்து."

பவுனம்மா பையைத் திறந்து உள்மடிப்பைப் புரட்டினாள். ஓரத்தில் மூன்று துளைகள். பக்கத்தில் காய்ந்த தோலை இழுத்து வைத்தாள். அதிலும் அதே மூன்று துளைகள், அவள் உளியால் அடிக்கும் அடையாளம்.

"சாயங்காலம் வரைக்கும் இன்னாத்துக்கு சார்? போன வருசமே செஞ்சு குடுத்துட்டேனே."

ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனா அந்தப் பைக்குள்தான் இருந்தது. பவுனம்மாவே எடுத்துக் கொடுத்தாள்.