வக்கீல் கேட்ட காரணம்

உப்பளங்களை ஒட்டி ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்த பொன்னாச்சி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வேதரத்தினத்துக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்து மூன்று வருஷம்.

ஒருநாள் மத்தியானம் பந்தியில் அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். ஓர் இலைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி கோகிலவாணி.

அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மாவிடம் கேட்டாள்.

"இந்த ஊர்ல விவாகரத்து கேஸ் நடத்துற வக்கீல் யாராச்சும் இருக்காங்களாம்மா?"

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க ஊர்ல இல்லையா?" என்றார் அம்மா.

"போய்ப் பார்த்தேன். சாமியாராப் போன மனுஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறியேன்னு என்னைத்தான் திட்டுறாங்க. போற எடத்துல எல்லாம் புருஷன் எங்கேன்னு கேள்வி. பதில் சொல்லி மாளலை."

வேதரத்தினம் அடுத்த இலைக்கு நகர்ந்தார். சாம்பார் இலைக்கு வெளியே தரையில் சிந்தியது.

சாப்பாடு முடிந்ததும் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கடைத்தெருவுல ஆரோக்கியமேரின்னு ஒரு வக்கீல் இருக்காங்க. வாங்க, போவோம். வேதரத்தினம், நீங்களும்தான்."

தெருவில் தெரிந்தவர்கள் வேதரத்தினத்தைக் கும்பிட்டார்கள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கோகிலவாணி கொஞ்சம் முன்னால் போனதும் மெல்லக் கேட்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே வந்தேன்? அப்புறம் ஏம்மா எனக்கு இவ்வளவு கூசுது?"

அம்மா நடையை எட்டிப் போட்டார்.

ஆரோக்கியமேரி விவரம் கேட்டுக்கொண்டு பீஸைச் சொன்னார்.

"தவணையாத் தரலாமாம்மா? ஜாக்கெட் தைச்சுத்தான் பொழைக்கிறேன்" என்றாள் கோகிலவாணி.

"தரலாம். ஐயா பேர்ல சொத்து, சேமிப்பு ஏதாச்சும் இருக்கா?"

வேதரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"போஸ்டாபீஸ்ல கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன்."

கோகிலவாணி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல இருந்தப்போ கையில ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க? பொண்ணு அதை நம்பித்தானே படிப்பை நிறுத்துச்சு?"

அவர் காவித் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துண்டை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"பீஸை நான் கட்டிடறேன். மிச்சத்தையும் நீயே எடுத்துக்க."

"எடுத்துக்கறேன்" என்றாள்.

வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"என்ன காரணம்னு போடட்டும்? உலகத்தைத் துறந்து சந்நியாசம் வாங்கியிருந்தா, சட்டப்படி அதுவே போதும். மடத்துக்காரங்க நீங்க. இவர் துறவிதான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா கௌரவமா முடிஞ்சிரும்."

வெள்ளைத் தாள் ஒன்றை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். வேதரத்தினம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தாளைத் திருப்பித் தள்ளினார்.

"பொய் எழுத மாட்டேன். பொண்டாட்டி புள்ளையக் கைவிட்டு ஓடினவர்னு போடுங்க. அதுக்கும் சட்டத்துல எடம் இருக்கில்ல? மூணு வருஷமாச் சோறு போட்டு ஒளிச்சு வச்சவ நான். கோர்ட்டுக்கு நானே வந்து சாட்சி சொல்றேன்."