செப்புத் தகடு சுற்றிய சாவி

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

கோயில் வாசல் சாவிக்கடைக்காரி சொர்ணத்திடம், கடைக்கட்டடத்து முதலாளி ஆவுடையப்பன் கார் சாவியை விட்டெறிந்தார்.

“நீ போட்ட சாவிதான். எதுத்தாப்புல வண்டி கிளம்பாம நிக்குது. சரி பண்ணு, இல்லன்னா கடையைக் காலி பண்ணு.”

சாவித்தலையில் செப்புத் தகடு இறுகச் சுற்றியிருந்தது.

“இதை எப்ப சுத்துனீக, மொதலாளி?”

“இப்பதான், கோயில்ல. கண்திருஷ்டிக்கு.”

“சாவித்தலைக்குள்ள இருக்குற சிப்பு வண்டியோட பேசினாத்தான் வண்டி கிளம்பும். செம்பைச் சுத்தி அது வாயைக் கட்டிப்புட்டு என்னைய ஏசுறீகளே.”

தகட்டைப் பிரித்துவிட்டு, எதிரே நின்ற காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி உடனே கிளம்பியது. கோயில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் தகட்டுக்குக் கை நீட்டினார்.

“இது இங்கனயே இருக்கட்டும். உங்க கண்ணு என் கடை மேலல்லா விழுந்துச்சு” என்று சொல்லி, அதைத் தன் கடை நிலையில் ஆணி வைத்து அடித்தாள் சொர்ணம்.